முதல் கரையுமுன் விழித்துக்கொள்வோம்!



வரி, வாடகை, உரிமம், ஆன்லைன் வியாபாரம் என்று நம் தொழிலுக்கு வரும் இடையூறுகளைப் பற்றியே இந்தப் பக்கத்தில் நாம் அதிகம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவர் நன்றாக இருந்தால்தானே கடை நன்றாக இருக்கும்? சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது நாம் அறியாததா?

ஆதம்பாக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மளிகைக் கடை நடத்திவரும் நண்பர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். கால் விரலில் ஒரு கட்டு. செருப்பு கடித்த சிறு புண் இரண்டு மாதமாக ஆறவில்லையாம். மருத்துவரிடம் போனபோது ரத்தத்தில் சர்க்கரை 286 இருந்ததாகச் சொன்னார். “இதற்கு முன் பார்த்ததே இல்லையா?” என்று கேட்டோம். கல்லாப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து மடித்து வைத்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நான்கு ஆண்டுகளுக்கு முன், காப்பீட்டுக்காக எடுத்த பரிசோதனை. வெறும் வயிற்றில் 112, சாப்பிட்ட பின் 168. “பார்டர்தான், பயப்படாதீங்கன்னு சொன்னாங்க அண்ணாச்சி. பார்டர்தானேன்னு நானும் உள்ளே போட்டுட்டேன்” என்றார்.

நம்மில் எத்தனை பேருடைய கல்லாப்பெட்டியில் இப்படி ஒரு தாள் கிடக்கிறது? வராத பாக்கிச் சீட்டை ஞாபகமாக எடுத்துப் பார்க்கும் நாம், இந்தச் சீட்டை மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்? ‘பார்டர்’ என்ற அந்த ஒரு சொல் நம்மைத் தூங்கவைத்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன என்பதை நம் வணிகர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஒரு டீஸ்பூன் கணக்கு

எடையோடு வாழ்பவர்கள் நாம். ஆகவே எடையிலிருந்தே தொடங்குவோம். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் 100 மில்லிகிராம் என்று பரிசோதனைத் தாளில் போடுவது ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு உள்ள சர்க்கரை. அப்படியானால் முழு ரத்தத்திலும் இருக்கும் சர்க்கரை எவ்வளவு? வெறும் ஐந்து கிராம். ஒரு டீஸ்பூன்!

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய் என்று மருத்துவ உலகம் வரையறுத்திருக்கிறது. 126 என்றால் முழு ரத்தத்திலும் ஆறேகால் கிராம். ஆக, நலமான மனிதருக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒன்றேகால் கிராம்தான். நம் கடைத் தராசில் ஒரு சிட்டிகைச் சரக்கு.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். மதியம் ஒரு தட்டுச் சோறு சாப்பிடுகிறோம். முந்நூறு கிராம் சோற்றில் எண்பது கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. அது செரித்து, சர்க்கரையாக மாறி, ரத்தத்துக்குள் வருகிறது. ஐந்து கிராம் மட்டுமே இருக்கவேண்டிய இடத்துக்கு எண்பது கிராம் சரக்கு வந்து இறங்குகிறது. இருந்தும் நலமான உடலில் இரண்டு மணி நேரத்தில் அளவு 140-க்குக் கீழே வந்துவிடுகிறது. பத்துக்குப் பத்து அளவுள்ள கடை வாசலில் ஒரு லாரி லோடு இறங்கியும், நடைபாதையில் ஒரு மூட்டைகூட மிச்சமில்லாமல் உள்ளே அடுக்கி முடித்தது போல. இதைச் செய்வது யார்?

ஏற்றுபவரும் இறக்குபவரும்

இரைப்பைக்குப் பின்னால், ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில், நூறு கிராமுக்கும் குறைவான எடையில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் கணையம். செரிமானத்துக்கான நீரைச் சுரப்பது அதன் ஒரு வேலை. மற்றொரு வேலை, ரத்தத்துக்குள் நேராகக் கலக்கும் ஹார்மோன்களைச் சுரப்பது. கணையத்துக்குள் தீவுத் தீவாகச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869ல் ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் கண்டார். ஏறத்தாழ பத்து லட்சம் தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டாலும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். இந்தச் சிறு திட்டுகள்தான் நம் சர்க்கரைக் கணக்கை எழுதுகின்றன.

அவற்றில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. கனடா நாட்டின் டொரண்டோ நகரில் 1921ல் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 ஜனவரியில் சாகக் கிடந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தப்பட்டது. சாப்பிட்டதும் ரத்தத்தில் வந்து இறங்கும் சர்க்கரையைத் தசைகளுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் அனுப்பி அடுக்குவது இன்சுலினின் வேலை. சரக்கைக் குடோனில் ஏற்றும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பா செல்கள் குளுகோகான் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இது 1923ல் கண்டறியப்பட்டது. இதன் வேலை நேர் எதிரானது. இரவில் நாம் தூங்கும்போதும், சாப்பிடாமல் இருக்கும்போதும், கல்லீரலில் இருப்பு வைத்த சர்க்கரையை எடுத்து ரத்தத்துக்குத் தரச் சொல்கிறது. குடோனிலிருந்து சரக்கை இறக்கித் தரும் ஆள் இவர். கல்லீரலிலிருந்து இந்தச் சரக்கு வராவிட்டால் விடியும்முன் மயங்கி விழுந்துவிடுவோம். மூளைக்கு ஒவ்வொரு நிமிடமும் சர்க்கரை தேவை.

இன்னும் இரண்டு பேர் உண்டு. இன்சுலினுடன் சேர்ந்தே வெளிவரும் அமைலின், இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கும்படி பார்த்துக்கொள்கிறது, போதும் என்ற உணர்வையும் தருகிறது. டெல்டா செல்கள் தரும் சொமாட்டோஸ்டாட்டின், ஏற்றுபவர் இறக்குபவர் இருவரையும் அளவோடு அடக்கி வைக்கும் மேஸ்திரி.

சர்க்கரை நோய் என்றாலே இன்சுலினை மட்டும்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மையில் கணக்கு சரியாக இருப்பது இவர்கள் அனைவரும் முறை தவறாமல் வேலை செய்வதால்தான். புதுச் சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் இன்சுலின் விரைந்து வர வேண்டும். அதே நேரத்தில் குளுகோகான் ஒதுங்கிவிட வேண்டும். வாசலில் லாரி நிற்கும்போது உள்ளேயிருந்தும் ஒருவர் மூட்டைகளை வெளியே தூக்கிவந்து போட்டால் கடை என்ன ஆகும்?

‘பார்டர்’ என்றால் என்ன?

நாம் ‘பார்டர்’ என்று சொல்வதை மருத்துவர்கள் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை. குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பொருள். வெறும் வயிற்று அளவுக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் 110 முதல் என்று கணக்கிடுகிறது.

இந்த நிலையில் உடலுக்குள் நடப்பது இதுதான். வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர, தசைகளும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கின்றன. கதவின் பூட்டு துருப்பிடித்துவிட்டது. கணையம் என்ன செய்யும்? ஒரு ஆள் செய்த வேலைக்கு இரண்டு, மூன்று ஆட்களை அனுப்புகிறது. அதிக இன்சுலின் சுரந்து வேலையை முடிக்கிறது. பரிசோதனைத் தாளில் சர்க்கரை சரியாகவே தெரியும். உள்ளே கணையம் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாது.

இப்படிப் பல ஆண்டுகள் ஓடிய பிறகு பீட்டா செல்கள் தளர்கின்றன. சாப்பிட்ட முதல் அரைமணி நேரத்துக்குள் வேகமாக வரவேண்டிய இன்சுலின் தாமதமாக வருகிறது. சாப்பிட்டதும் அடங்கவேண்டிய குளுகோகானும் அடங்குவதில்லை. சோற்றிலிருந்தும் சர்க்கரை, கல்லீரலிலிருந்தும் சர்க்கரை. அப்போதுதான் சாப்பிட்ட பின் 168 என்று தாளில் வருகிறது. ஆக, ‘பார்டர்’ என்பது நோய் வருவதற்கு முன் உள்ள பாதுகாப்பான இடம் அல்ல. முதலிலிருந்து எடுத்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டோம் என்பதற்கு அடையாளம்.

வட்டியை எடுத்துச் செலவு செய்பவன் பிழைத்துக்கொள்வான். முதலை எடுத்துச் செலவு செய்பவன் என்ன ஆவான் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே முதல் என்பது பீட்டா செல்கள். பிரிட்டனில் 1977 முதல் இருபது ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வில், சர்க்கரை நோய் என்று முதன்முதலாகத் தெரியவந்த நாளிலேயே பீட்டா செல்களின் திறன் ஏறத்தாழ பாதியாகிவிட்டிருந்தது தெரிந்தது. அதாவது நோய் என்று பெயர் வைக்கும் நாளில் பாதி முதல் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றும் காலம் அதற்கு முன்னால் இருக்கும் ‘பார்டர்’ காலம்தான்.

நம் சென்னை சொல்லும் பாடம்

இது எங்கோ வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் நம் சென்னை. 1948ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். அவர் வழியில் வந்த மருத்துவர்கள் நம் மக்களையே வைத்து ஆராய்ந்து சொன்னவற்றைக் கேளுங்கள்.

டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழுவினர் சென்னை நகர மக்களை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தனர். 2015ல் வெளிவந்த முடிவின்படி, தொடக்கத்தில் ‘பார்டரில்’ இருந்தவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேருக்கு மேல் அந்தக் காலத்துக்குள் முழு நோயாளிகளாகிவிட்டனர். பாதிக்கும் மேல்! நூறு ரூபாய் கடனில் ஐம்பத்தெட்டு ரூபாய் வராது என்று தெரிந்தால் நாம் அந்தக் கடனைக் கொடுப்போமா?

சென்னையில் 1,264 பேரை ஆராய்ந்து 2013ல் வெளியான மற்றொரு ஆய்வு நம்மை இன்னும் யோசிக்க வைக்கிறது. சர்க்கரை சற்றே ஏறத்தொடங்கும் லேசான நிலையிலேயே நம்மவர்களின் பீட்டா செல்களின் திறன் குறைந்திருப்பதை அது காட்டியது. வயது, பருமன் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் இந்தக் குறை தெரிந்தது. சிறு முதலோடு கடை திறந்தவர்கள் நாம் என்று வைத்துக்கொள்ளலாம். சிறு முதல்காரன் பெரிய முதலாளியைப் போலச் செலவு செய்ய முடியாது.

2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோயும், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு பதினான்கு பேருக்கு மேல் நோயாளிகள்.

இவ்வளவும் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நல்ல செய்தியும் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் இங்கே ‘பார்டரில்’ இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளானார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. அவர்கள் காடு மலை ஏறவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, தினமும் அரைமணி நேரம் விரைந்து நடந்தார்கள், சோற்றையும் சர்க்கரையையும் எண்ணெயையும் அளவாக்கினார்கள், அவ்வளவுதான். பின்னர் 578 பேரை வைத்து நடந்து 2016ல் வெளியான மற்றொரு சென்னை ஆய்விலும், பயிற்சி வகுப்புகளாலும், தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையாலும், நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எல்லோருக்கும் தப்பிக்க வழி கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் கொள்முதலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்றால் நாம் வேண்டாம் என்போமா?

நம் கடை வாழ்க்கை

இனி நம் அன்றாடத்தை ஒருமுறை பார்ப்போம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கோயம்பேட்டுக்கு வண்டி. ஆறு மணிக்கு ஷட்டர் திறப்பு. பால், காய்கறி வியாபாரம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. பத்து மணிக்கு மேல்தான் இட்லி. மதியச் சாப்பாடு மூன்றோ நான்கோ. இடையில் டீ, டீ, டீ. ராத்திரி பத்தரைக்குக் கணக்கு முடித்து, பதினொன்றுக்கு வயிறு நிறையச் சோறு, உடனே படுக்கை. நான்கு மணி நேரத் தூக்கம். மறுபடி கோயம்பேடு.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுச் சோதித்தார்கள். அந்த ஆறே நாளில் அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்ததாக 1999ல் வெளியிட்டார்கள். ஆறு நாள் தூக்கக் குறைவு இளைஞர்களையே அப்படிச் செய்யும் என்றால், இருபது ஆண்டுகள் நான்கு மணி நேரம் தூங்கியவர்களை என்ன செய்யும்? இரவு நேரத்தில் கணையமும் மந்தமாகவே வேலை செய்கிறது. கடையடைத்த பிறகு வந்து இறங்கும் லோடுக்கு ஆள் கிடைக்காதது போலத்தான் பதினொரு மணிச் சோறும்.

டீக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு எட்டு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு நான்கு கிராம். 64 கிராம். மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ. ஒருவர் தனியாக, டீயில் மட்டும்! நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நல்ல சட்டம். நம் முதலாளிகளுக்கோ எழுந்து நிற்கச் சொல்லி ஒரு சட்டம் வர வேண்டும் போலிருக்கிறது! உடலில் சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய குடோன் தசைகள்தான். தசை அசையும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே அது சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் கருணீகர் தெருவில் ஒரு நடை போய்வந்தால், கணையத்துக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். கடைப்பையனை எடுக்கச் சொல்லும் பொருளில் பாதியை நாமே எழுந்து எடுத்துக் கொடுத்தாலும் நல்லதுதான்.

விற்பவர் சொல்லும் வார்த்தை

இங்கே நம் தொழில் நேர்மை சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். “சுகர் இருக்கு, எதைப் போட்டுக்கலாம்?” என்று கேட்கும் வாடிக்கையாளரிடம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, “இது ஒண்ணும் பண்ணாதும்மா” என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. தெரியாமல் சொல்கிறோம். நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி சர்க்கரைதான். அதில் சிறிது இரும்புச் சத்து இருக்கலாம். ரத்தத்தில் ஏறுவதில் வெள்ளைச் சர்க்கரைக்கு அது தம்பிதான். கேழ்வரகும் கம்பும் நல்லவையே. ஆனால் மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சி வயிறு நிறையக் குடித்தால் அதுவும் வேகமாகவே ஏறும்.

அரிசி விற்றுப் பிழைக்கும் நாமே அரிசியைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2020ல் வெளியான ஆய்வில், தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அரிசியை விட்டுவிடச் சொல்லவில்லை. தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், காய், கீரை, முட்டை, மீன் வைக்கச் சொல்கிறோம். பருப்பும் கொண்டைக்கடலையும் நம் கடைச் சரக்குதானே? வியாபாரம் எங்கும் போய்விடாது.

“வாரம் ஒரு ஊசி வந்துவிட்டதாமே?” என்கிறார் ஒரு நண்பர். குடல் ஹார்மோனைப் போலச் செயல்பட்டு, கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலினைக் கூட்டவும், குளுகோகானை அடக்கவும் செய்யும் மருந்துகள் அவை. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எதையும் நிறுத்தவோ மாற்றவோ கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறோம்.

தனி ஒருவரால் ஆகாதது

“எல்லாம் சரி அண்ணாச்சி, ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்தினால் வாடகை யார் தருவார்கள்? நான் சாத்தினால் எதிர்க்கடைக்காரர் திறந்திருப்பார். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிற காலம் இது” என்று நம் உறுப்பினர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் இதே கேள்வியைத் திருப்பிப் போடுவோம். பத்து நிமிடக் கம்பெனிக்காரன் ஆள் மாற்றி ஆள் போட்டு வேலை வாங்குகிறான். ஓர் ஆள் விழுந்தால் இன்னோர் ஆள். நம் கடையில் மாற்று ஆள் யார்? நாம் ஒரு மாதம் மருத்துவமனையில் படுத்தால் ஷட்டர் இறங்கிவிடும், வாடிக்கை போய்விடும், சரக்கு போட்டவர்கள் பணம் கேட்பார்கள். நேரத்தை நீட்டி அவனை ஜெயிக்க நம்மால் முடியாது. முகம் பார்த்துப் பேசும் மனிதராக, உடல் நலத்தோடு, இன்னும் இருபது ஆண்டுகள் அதே கல்லாவில் இருப்பதால்தான் முடியும்.

ஒரு கடைக்காரர் தனியாகச் சாத்த முடியாது என்பது உண்மை. அதனால்தான் சங்கம் இருக்கிறது. எதிரெதிர்க் கடைக்காரர்கள் கூடிப் பேசி ஒரே நேரத்தில் சாத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. என்.ஜி.ஓ. காலனி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகள் ஒரு முடிவுக்கு வந்தால், அடுத்த தெருவும் வரும். ஆகவே நமது யோசனைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: முப்பது வயது நிறைந்த ஒவ்வொரு உறுப்பினரும், கல்லாவில் அமரும் அவர் இல்லத்தரசியும், கடை ஊழியர்களும் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், இரண்டு மணி நேரப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினால் வயது பார்க்காமல் போக வேண்டும்.

இரண்டு: மே 5 வணிகர் தினத்தை ஒட்டி ஆண்டுதோறும் ஒரு காலைப் பொழுதைச் சங்கம் இதற்கென ஒதுக்கி, பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். கொடியேற்றுவதற்கு முன் ரத்தம் கொடுப்போம், அதன்பின் சாப்பிடுவோம்.

மூன்று: ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு எல்லாக் கடைகளும் சேர்ந்து அடைப்பது, மற்ற நாட்களில் இரவு ஒன்பதரைக்குமேல் வியாபாரம் இல்லை என்று தெரு வாரியாகப் பேசி முடிவெடுப்பது. முதலில் மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து, நஷ்டம் எவ்வளவு என்று பொதுக்குழுவிலேயே பேசுவோம்.

நான்கு: ‘பார்டர்’ என்று தாள் வந்தவர்கள் அதைச் சங்கத்துக்குக் காட்ட வேண்டாம், வீட்டாருக்காவது காட்ட வேண்டும். மறைத்து வைக்கும் கடன்தான் குடும்பத்தை முழுகடிக்கும்.

நம் கடையில் இருக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். தவறினால் அபராதம் என்ற பயம். கிராம் கணக்கு தப்பிவிடக் கூடாது என்ற கண்டிப்பு. நம் உடம்புக்குள் ஐந்து கிராமை ஆயுள் முழுவதும் நிறுத்துக்கொண்டிருக்கிற ஒரு தராசு இருக்கிறதே, அதற்கு நாம் கடைசியாக எப்போது முத்திரை பார்த்தோம்?

தொடக்கத்தில் சொன்ன நண்பர் இப்போது மருத்துவர் சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்கிறார். புண் ஆறிவருகிறது. ஒன்பதரைக்குக் கடையைச் சாத்துகிறார். எதிர்க்கடைக்காரரும் அவரைப் பார்த்துச் சாத்துகிறாராம். “நாலு வருஷம் முன்னாடி சாத்தியிருக்கணும் அண்ணாச்சி” என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் உள்ள வருத்தம் நம்மில் இன்னொருவருக்கு வர வேண்டாம். இன்று இரவு கணக்கு முடித்ததும், ஷட்டரை இறக்கும் முன், கல்லாப்பெட்டியின் அடித்தட்டை ஒருமுறை துழாவிப் பாருங்கள்.